மீசை வைத்த மரமீனும் ஒரு கொடுவாவும்

யுத்தம் முடிந்த மறு வருஷம் அது. நான் சாந்தோமில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். எங்கள் தெருக்கோடி பங்களாவில் பட்டாளத்து வெள்ளைக்காரர் ஒருவர் தனியாகக் குடியிருந்தார். தமிழ் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டு, வாரத்தில் இரண்டு மாலை என்னை வரச் சொல்வார். இரண்டு வருஷப் பாடத்துக்குப் பிறகு அவர் வாயில் பிசிறில்லாமல் வந்த ஒரே தமிழ் வார்த்தை ‘கொடுவா’ என்ற மீன் பெயர்தான். அதையும் நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அடையாற்று முகத்துவாரத்தில் தூண்டில் போட்டுக்கொண்டு நிற்கும்போது அவரே யாரிடமோ பிடித்துக்கொண்டது.

ஊருக்குக் கப்பல் ஏறும் நாளில் என்னைக் கூப்பிட்டனுப்பினார். இரண்டாகப் பிரித்து மாட்டுகிற தூண்டில் கழி ஒன்று, பட்டு நூல் சுற்றிய ரீல், பிஸ்கட் டின் அளவில் ஒரு தகரப் பெட்டி, மூன்றையும் என் கையில் வைத்தார். தமிழில் உருக்கமாக ஏதோ சொல்ல முயன்றார். வரவில்லை. "கொடுவா" என்றார். கையைக் குலுக்கிவிட்டு வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து திறந்தேன். உள்ளே பதினொரு பொம்மை இரைகள். காம்பு இல்லாத கரண்டி மாதிரி வெள்ளியிலும் பித்தளையிலும் சில தகடுகள். கோழி இறகு கட்டியவை சில. மரத்தில் கடைந்து வர்ணம் அடித்த மீன்கள் நாலைந்து. எல்லாவற்றுக்கும் வயிற்றிலும் வாலிலும் மூன்று நுனியுள்ள தூண்டில் முட்கள் தொங்கின. மூடியின் உட்புறம் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. அதில் பென்சிலால் இங்கிலீஷில் எழுதியிருந்ததைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: தெளிந்த தண்ணீருக்கு வெள்ளி. கலங்கலுக்குப் பித்தளை. மேகம் போட்டால் கறுப்பு. ஒன்றும் பலிக்காவிட்டால் சிவப்புத்தலை.

சிவப்புத்தலை என்பது விரல் நீளத்துக்கு வெள்ளை உடம்பும் சிவப்புத் தலையுமாக இருந்த மரமீன். திறந்த கண்ணோடு, வகுப்பில் தூங்கிப் பிடிபட்டவன் போல விழித்தது.

என் மனைவி எட்டிப் பார்த்தாள். "என்னங்க, இதுல எதைக் குழம்பு வைக்கிறது?"

வாசலில் கூடையை இறக்கியிருந்த மீன்கார அம்மாவும் எட்டிப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை தவறாமல் எங்கள் வீட்டுக்கு மீன் கொடுக்கிறவள் அவள். சிவப்புத்தலையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னா வாத்யாரே இது?"

"இதைத் தண்ணியில போட்டு இழுத்தா, நிஜ மீன்னு நெனச்சு கொடுவா வந்து கடிக்கும்."

"கொடுவாவுக்கு இன்னா கண்ணு அவிஞ்சா பூட்ச்சி?" என்று சொல்லிவிட்டு அவள் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. அந்தச் சிரிப்புக்குப் பதிலாகவாவது ஒரு கொடுவாவைப் பிடித்தே தீருவது என்று நான் அப்போதே முடிவு செய்தேன். அதுவரை நான் என் வாழ்நாளில் பிடித்த மீன், சாப்பிடும்போது தொண்டையில் பிடித்த முள் ஒன்றுதான்.

திங்கட்கிழமை பெட்டியைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போனேன். ஆசிரியர் அறையில் என் பக்கத்து நாற்காலி கணக்கு வாத்தியாருடையது. மயிலாப்பூர் குளக்கரைப் பக்கம் வீடு. பஞ்சகச்சம், அதன்மேல் மூடிய கோட்டு, கட்டுக்குடுமி, மூக்குப்பொடி. வெங்காயத்தைக்கூட விரோதியாகப் பார்க்கிறவர். அவர் கண்ணில் படக்கூடாது என்று பெட்டியை மேஜைக்கடியில் வைத்திருந்தேன். அவர் குனிந்து எடுத்து மடியில் வைத்துத் திறந்தேவிட்டார்.

"என்ன ஓய் இது, கொலு பொம்மையாட்டம் இருக்கே!"

விஷயத்தைச் சொன்னேன். முகம் சுளிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ மரமீனை வெளிச்சத்தில் பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"இது மரந்தானே?"

"மரம்தான்."

"புழு இல்லே, பூச்சி இல்லே. ஜீவஹிம்சை கிடையாது."

"கடைசியில் மீன் வரும் சார்."

"அது உம்ம பாடு. நான் இரையைப் பத்தி மட்டும் பேசறேன். இரை சுத்த சைவம்." அவர் மூக்குப்பொடியை உறிஞ்சிவிட்டு, மூடியிலிருந்த சீட்டை மனப்பாடம் செய்கிறவர் போல இரண்டு தரம் படித்தார். "எந்தத் தண்ணிக்கு எந்த பொம்மைன்னு தேர்ந்தெடுக்கறது இருக்கே, அது கணக்கு ஓய். உமக்கு வராது. நான் ஆலோசகரா வரேன். கழியைத் தொடமாட்டேன், நூலைத் தொடமாட்டேன், மீனை சத்தியமாத் தொடமாட்டேன்."

ஆலோசனை அன்று மாலையே எங்கள் வீட்டுக் கொல்லையில் துவங்கியது. துணி துவைக்கிற தொட்டியில் ஒவ்வொரு பொம்மையாகப் போட்டு நான் நூலில் கட்டி இழுக்க, அவர் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து மார்க்குப் போட்டார். வெள்ளித் தகடு தள்ளாடித் தள்ளாடி வந்தது. அதற்கு அறுபது. கோழி இறகு கூம்பிக் கூம்பி விரிந்தது. அதற்கு நாற்பது, பெயில் பண்ண மனமில்லாமல். சிவப்புத்தலை மட்டும் இழுத்தால் முங்கியது, விட்டால் மிதந்தது, மறுபடி இழுத்தால் பக்கத்துக்குப் பக்கம் நெளிந்தது.

"வேகம் ஜாஸ்தி ஓய். நன்னா இருக்கற மீன் மாதிரி ஓடறது. நன்னா இருக்கற மீனை எவன் துரத்துவான்? அடிபட்ட மீன் மாதிரி வரணும். இப்படி..." என்று சொல்லி, அடிபட்ட மீன் எப்படி வரும் என்று கொல்லை முழுவதும் நடந்து காட்டினார். நாலு அடி தள்ளாட்டம், ஒரு நிறுத்தம், ஒரு துடிப்பு. துவைத்த துணியை உலர்த்த வந்த என் மனைவி அப்படியே நின்றுவிட்டாள்.

"சாருக்கு உடம்பு சரியில்லையாங்க?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் தொட்டி விளிம்பில் வைத்திருந்த இன்னொரு மரமீனின் முள், துடித்துத் திரும்பியவரின் கச்சத்தில் மாட்டியது. அவர் அதை எடுக்கத் திரும்ப, வால் முள் முழங்கால் பக்கம் மாட்டியது. அதைப் பிடித்து நான் இழுத்தேன். இழுத்திருக்கக் கூடாது. பஞ்சகச்சம் கட்டுவதற்கு அரைமணி ஆகும் என்பார்கள்; அவிழ்வதற்கு அவ்வளவு நேரம் ஆகவில்லை. என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு கத்தரிக்கோலைப் பின்பக்கமாக நீட்டினாள்.

கடைசியில் அவர் என்னுடைய காக்கிக் கால்சட்டையில் வீடு போய்ச் சேர்ந்தார். மயிலாப்பூர் மாடவீதியில் அவரைக் கால்சட்டையில் யாரும் பார்த்ததில்லை. வீட்டில் என்ன சொன்னீர்கள் என்று மறுநாள் கேட்டேன்.

"இனிமே கணக்கு வாத்தியாரும் டிரில் எடுக்கணும்னு உத்தரவுன்னேன். ஆத்துல நம்பிட்டா. சாயங்காலம் வெந்நீர் ஒத்தடம் வேற கொடுத்தா."

அடுத்த சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு முகத்துவாரத்தில் மணல்மேட்டில் நின்றோம். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஆறு, நடுவில் நாங்கள் இருவர். அவர் கையில் பஞ்சாங்கம். அமாவாசைக்கு மறுநாள் ஏற்றம் பெரிதாக இருக்கும், ஏற்றத்தோடு சின்ன மீன் உள்ளே வரும், சின்ன மீனின் பின்னால் கொடுவா வரும் என்று பஞ்சாங்கத்தை வைத்தே கணக்குப் போட்டிருந்தார். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது.

"தெளிஞ்ச தண்ணி. வெள்ளி" என்று உத்தரவிட்டார்.

வெள்ளித் தகட்டைக் கட்டி, கழியைப் பின்னால் கொண்டுபோய், முன்னால் வீசினேன். தகடு முன்னால் போகவில்லை, மேலே போனது. அழகாக, பளபளவென்று, காலை வெயிலில் மின்னிக்கொண்டு மேலே போனது. அங்கே வட்டமிட்டுக்கொண்டிருந்த ஒரு கருடன் அதைப் பார்த்துவிட்டது. இறங்கி, காலால் கவ்வி, ஏறியது. ரீல் கிர்ரென்று கத்தியது. பட்டு நூல் வானத்தை நோக்கி ஓடிற்று. அடையாற்றங்கரையில் நான் ஒரு கருடனைப் பட்டம் விட்டுக்கொண்டிருந்தேன்.

"சார்! என்ன பண்றது சார்?"

ஆலோசகர் பக்கம் திரும்பினேன். அவர் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டு, கண்ணை மூடிக் கும்பிட்டபடி நின்றார். "கருட தரிசனம் ஓய்! இழுக்காதேயும், அபசாரம்!"

கருடன் தலைக்குமேல் இரண்டு சுற்றுச் சுற்றியது. வாய்க்கு ஆகாத பண்டம் என்று தெரிந்ததோ என்னவோ, தகட்டை நடு ஆற்றில் போட்டுவிட்டுக் குயிபிள் தீவுப் பக்கம் பறந்துபோயிற்று. நூல் எதிலோ சிக்கி அறுந்தது. அன்றைய மீன்பிடிப்பு அதோடு முடிந்தது. அவர் மட்டும் வழியெல்லாம் சந்தோஷமாக வந்தார். கருடனே கடித்தது என்றால் பொம்மையில் குறையில்லை, வீசுகிறவனிடம்தான் குறை என்று எனக்கு விளக்கினார்.

அதற்குப் பிறகு நாலைந்து சனிக்கிழமைகள் போனோம். கலங்கல் தண்ணீரில் பித்தளையைப் போட்டதில் ஒற்றைச் செருப்பு வந்தது. மேகம் போட்ட நாளில் கறுப்பைப் போட்டதற்கு ஒரு நண்டு வந்தது. அதுவும் மாட்டி வரவில்லை, சண்டைக்கு வந்தது. பொம்மையை இடுக்கியால் பிடித்துக்கொண்டு கரைவரை வந்து, எங்களைப் பார்த்துவிட்டு, வெறுப்போடு விட்டுவிட்டுப் போனது. ஒன்றும் பலிக்காவிட்டால் சிவப்புத்தலை என்ற விதிப்படி அதைக் கட்டி வீசினேன். போன இடத்தில் ஏதோ கெட்டியாகப் பிடித்து இழுத்தது. நானும் இழுத்தேன். நூல் அறுந்தது.

வெள்ளிக்கிழமை மீன்கார அம்மா கூடையை இறக்கியபோது, சங்கரா மீன்களுக்கு நடுவில் எங்கள் சிவப்புத்தலை படுத்திருந்தது.

"எங்கூட்டுக்காரரு வலையில மாட்டிக்கினு கீது நைனா. வலையில பாதிய கிழிச்சிட்ச்சி. இத்த இன்னான்னு சொல்லி நான் விக்கறது?"

வலைக்காக அவளிடம் மன்னிப்புக் கேட்டு, கிழிந்த இடத்தைப் பின்ன என் பட்டு நூலில் ஒரு பாதியைக் கொடுத்தேன். சிவப்புத்தலையின் நிலைமை பரிதாபமாக இருந்தது. தலை வர்ணம் உரிந்து, ஒரு கண்ணும் போய்விட்டது. நான் டிராயிங் மாஸ்டர் ஆயிற்றே. அன்று கடைசிப் பீரியட் ஓய்வு. ஆசிரியர் அறையில் உட்கார்ந்து வர்ணம் தீட்டினேன். தலைக்குச் சிவப்பு ஏற்றி, கண் வரைந்து முடித்தபோது தூரிகையில் கறுப்பு மிச்சம் இருந்தது. அன்று காலைதான் ஹெட்மாஸ்டர், டிராயிங் வகுப்பில் சத்தம் சந்தைக்கடை மாதிரி இருக்கிறது என்று என்னைப் பையன்கள் எதிரிலேயே கேட்டிருந்தார். அவர் எங்கள் பங்குக் கோவிலைச் சேர்ந்தவர், தங்கமான மனிதர், ஆனால் மீசை பெரியது. இரண்டு நுனியும் மேல்நோக்கி முறுக்கி, மெழுகு போட்டு நிறுத்தியிருப்பார். கை தானாகப் போய் மரமீனின் மூக்குக்குக் கீழே அந்த மீசையை வரைந்துவிட்டது.

கணக்கு வாத்தியார் வந்து பார்த்தார். கையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

"அழிச்சுடட்டுமா சார்?"

"வேண்டாம் ஓய். நம்ம பையன்கள் பயப்படறா. மீனும் மரியாதையா வரட்டும்."

அடுத்த சனிக்கிழமை பௌர்ணமிக்கு முந்தின நாள். ஏற்றம் காலை எட்டு மணிக்குமேல் என்று கணக்குச் சொன்னது. எட்டரை மணிவரை வீசி வீசித் தோள் விட்டுப்போயிற்று. ஒன்றும் இல்லை. அவர் கடிகாரத்தை எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"போரும் ஓய், சுத்தி எடும். ஒன்பது ஆகப்போறது. சனிக்கிழமை ஒன்பதுக்கு ராகுகாலம்."

"இப்பதான் சார் தண்ணி ஏறுது."

"ராகுகாலத்துல ஆரம்பிக்கப்படாது."

"ஆரம்பிச்சது ஆறு மணிக்கு!"

"நீர் ஒவ்வொரு தரம் வீசறதும் ஒரு ஆரம்பந்தானே?"

இதற்குப் பதில் சொல்வதற்காக நான் சுற்றுவதை நிறுத்தினேன். சிவப்புத்தலை தண்ணீர்மேல் வந்து சும்மா மிதந்தது. பேச்சு வேகத்தில் "சார், இது என்ன நியாயம்?" என்று கழி பிடித்த கையை ஒரு வெட்டு வெட்டினேன். பொம்மை ஒரு துடிப்புத் துடித்து நின்றது.

தண்ணீரில் ஒரு குழி விழுந்தது. ‘டப்’ என்று கதவு சாத்துகிற மாதிரி ஒரு சத்தம். என் கையிலிருந்த கழி வில்லாக வளைந்தது. ஆற்றுக்கு நடுவில் ஒரு வெள்ளிப் பாளம் எழும்பி, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உதறி, மறுபடி விழுந்தது. அகலமான வாய். அந்த வாயோரத்தில் மீசை.

"கொடுவா!" என்று கத்தினேன். வெள்ளைக்காரர் சொன்னதைவிடச் சுத்தமாகச் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

அது ஓடியது, நான் சுற்றினேன். சுற்றினேன், அது ஓடியது. கால்மணி நேரம் போயிருக்கும். மீன் கரைக்குப் பத்தடி தூரம் வந்தபோது ரீல் மணல் புகுந்து நின்றுவிட்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. நான் கழியைத் தோளில் வைத்துக்கொண்டு கரையேறி நடந்தேன். கால் புதைந்து குப்புற விழுந்தேன். நூல் தொய்ந்தது. போச்சு என்று நினைத்தேன்.

பின்னால் தண்ணீரில் பெரிய சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தால், ஆலோசகர் ஆற்றில் இருந்தார். இடுப்பளவு தண்ணீரில், குடுமி அவிழ்ந்து, மேல்துண்டை மீன்மேல் போர்த்தி, அதை அப்படியே மார்போடு கட்டிக்கொண்டிருந்தார். மீன் அவரை வாலால் கன்னத்தில் அறைந்தது. அவர் விடவில்லை. காணாமற்போன குழந்தையைக் கண்டுபிடித்துத் தூக்கி வருகிறவர் மாதிரி கரையேறி வந்து, மணலில் கிடத்தி, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"சார், நீங்க மீனைத் தொட்டுட்டீங்க."

"துண்டைத்தான் தொட்டேன்" என்றார், மூச்சு வாங்க. பிறகு அவசரமாகக் கோட்டுப் பையில் கைவிட்டார். கடிகாரம் நனைந்து நின்றிருந்தது. "அது கடிச்சப்போ ஒன்பதுக்கு ரெண்டு நிமிஷம் இருந்தது ஓய். நான் பார்த்தேன். கரைக்கு வந்ததுதான் ராகுகாலம். கடிச்சதுதான் கணக்கு."

முள் மீனின் தாடையில் ஆழமாக இறங்கியிருந்தது. பிடுங்க எங்களிடம் இடுக்கி இல்லை. பொம்மை வாயோடு இருக்கட்டும் என்று விட்டு, செவுளில் கயிறு கோத்து, தூண்டில் கழியின் நடுவில் கட்டி, ஆளுக்கொரு நுனியைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தோம். கழியைத் தொடுவது மீனைத் தொடுவதாகாது என்று அவரே தீர்ப்புச் சொல்லிக்கொண்டார். மீன் எங்கள் நடுவில் ஊஞ்சலாடியது. எதிரே வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். ஒவ்வொருவரிடமும் அவர் வாயைத் திறப்பார். "சார் பிடிச்சார்" என்பார். அதற்குமேல் சொல்ல ஆசை முட்டிக்கொண்டு நிற்கும். மயிலாப்பூரில் இது போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்ற நினைப்பு வந்ததும் வாயை மூடிக்கொள்வார்.

கோவிலில் இருந்து வந்துகொண்டிருந்த ஹெட்மாஸ்டர் எதிரில் வந்தார்.

தப்பிக்க வழியில்லை. கழியின் இரண்டு நுனியிலும் அவருடைய இரண்டு ஆசிரியர்கள், நடுவில் மீன். அவர் முதலில் மீனை ரசித்தார். எத்தனை ராத்தல் தேறும் என்று கேட்டார். பிறகு குனிந்தார். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இன்னும் குனிந்தார். அவர் கை மெதுவாகத் தன் மீசைக்குப் போயிற்று.

"மிஸ்டர், இது என்ன?"

கணக்கு வாத்தியார் முந்திக்கொண்டார். "கெளுத்தி சார். கெளுத்தி மீனுக்கு மீசை உண்டு. அது மாதிரி பண்ணியிருக்கா."

வாழ்நாளில் மீன் கடையை எட்டிப் பார்க்காத மனிதர் அவர். கெளுத்தியை எங்கிருந்து பிடித்தாரோ தெரியாது.

"கெளுத்தி மீசை கீழே தொங்கும்" என்றார் ஹெட்மாஸ்டர். "இது மேலே முறுக்கியிருக்கு."

மீனிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஹெட்மாஸ்டர் நிமிர்ந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, மீசை மட்டும் லேசாக ஆடியது.

"இந்த முகத்தைப் பார்த்தா வாயைத் திறந்தது?"

"ஆமா சார்."

"பையன்கள் என்னைப் பார்த்தா வாயை மூடிக்கிறாங்க." சற்று யோசித்தார். "குழம்புக்குத் தலை எனக்கு. வீட்டுக்கு அனுப்பிடுங்க. பொம்மையை எடுத்துட்டு அனுப்புங்க."

என் மனைவி அன்று எங்கள்மேல் நம்பிக்கை இல்லாமல் காலையிலேயே நெத்திலி வாங்கி வறுத்துவிட்டிருந்தாள். மீனைப் பார்த்ததும் நெத்திலியை அப்படியே தெருப்பூனைகளுக்கு வைத்துவிட்டுப் புளி கரைக்க உட்கார்ந்தாள். மீன்கார அம்மா சேதி கேட்டு ஓடி வந்தாள். கொடுவாவின் வாயைத் திறந்து பார்த்தாள், கண்ணை நோண்டிப் பார்த்தாள்.

"இது இந்த ஊரு மீனு இல்ல நைனா. புச்சா எங்கேந்தோ வந்துகீது, பாவம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். தோற்றதை ஒத்துக்கொள்வதில் அவள் அதற்குமேல் இறங்கி வரமாட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் எனக்குக் கணக்கு வாத்தியாரைப் பற்றியே கவலை. ஈர வேட்டியும் மீன் வாசனையுமாக வீட்டுக்குப் போனவர் என்ன சொல்லிச் சமாளித்திருப்பார்? டிரில் என்று சொல்ல முடியாது. திங்கட்கிழமை அவர் வரும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தார். அரைத்த பச்சைப்பயறும் சந்தனமும் சேர்ந்து கமகமத்தார்.

"என்ன ஆச்சு சார்?"

"மூணு தரம் தலை முழுக வெச்சா. பூணூலை மாத்திக்கச் சொன்னா. அப்புறம் எதிர்ல உக்காத்தி வெச்சுண்டு, உள்ளதைச் சொல்லுங்கோன்னா. டிரில்லுங்கறது பொய்னு மொதல் நாளே தெரியுமாம். சொல்லிட்டேன் ஓய், ஆதியோடந்தமா. கருடன்லேர்ந்து."

"கோவிச்சுக்கிட்டாங்களா?"

"முகத்தைத் திருப்பிண்டுட்டா. நானும் கதை முடிஞ்சதுன்னு உக்காந்திருந்தேன். அப்புறம் சமையலுள்ளுக்குப் போனவ, கதவுக்குப் பின்னாலேர்ந்து தலையை மட்டும் நீட்டினா." அவர் மூக்குப்பொடி டப்பியைத் திறந்தார், மறந்துபோய் மூடினார். "எவ்வளவு நீளம்னு கேட்டா."

"என்ன சொன்னீங்க?"

அவர் இரண்டு கையையும் மேஜைமேல் வைத்து அகட்டிக் காட்டினார். நான் பிடித்த மீனைவிட அது ஒன்றரை முழம் அதிகம் இருந்தது.